நுரை தள்ளிக் கிடந்தது நான்தான்

வண்டன்மேடு

பாசமுள்ள மகள் ஜிஸ்மிக்கு அம்மா எழுதுறது,

மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் சுகம், நீயும் டூட்டி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் முறையா இருந்து சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். நான் சுகம்னு சொல்றதை நம்பு, ஏன்னா யாரோ உனக்கு அனுப்பின வீடியோவுல ரோட்டுல நுரை தள்ளிக் கிடக்கிறது நான்தான், அது பூச்சிமருந்து இல்ல, துணி சோப்பு. போன்ல சொன்னா பாதியிலயே அழ ஆரம்பிச்சிருவே, அதான் குவைத்துக்குத் திரும்புற பக்கத்து லயத்து ஜோமோன் கையில கடுதாசியும் ரெண்டு கிலோ மறையூர் வெல்லமும் கொடுத்து விடுறேன்.

அப்பா ஏலச்செடிக்கு மருந்து அடிச்சுட்டு டேங்கை நம்ம லயத்துப் பின்னாடி ஓடையிலதான் கழுவுவாரு, அதே ஓடையிலதான் அவரு சட்டையை நான் துவைக்கிறது. மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. அதைவிட, டீ கிளாஸ் பிடிக்கையில அவருக்குக் கை நடுங்குது, ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம்னா எனக்கென்ன கேடுன்னு சண்டைக்கு வாராரு. ஓடையில கழுவாதீங்கன்னா, ஓடுற தண்ணிதான, ஓடிப்போயிரும்னு ஒரே பேச்சு. எனக்குத் தொண்டைத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். அப்பதான் திருச்சூர்ல கலை படிக்கிற ராசம்மாள் மக நிமி லீவுக்கு வந்தா. ஜீப் ஸ்டாண்டுல ஒரு நிகழ்ச்சி, வசனம் இல்ல, பாட்டு இல்ல, அத்தை நீங்க ஓடையா கிடங்க, பொம்பளைங்க காலி மருந்து டப்பாவை உங்களைச் சுத்தி வைப்பாங்கன்னா. சும்மா கிடக்கிறதும் கலையாம், அப்படின்னா ஞாயித்துக்கிழமை உங்கப்பாவை மிஞ்ச ஆளே இல்ல. லயத்துல உள்ள நீலச் சேலையெல்லாம் முடிச்சுப் போட்டு ரோட்டுல நீளமா விரிச்சு, தலைமாட்டுல வாயில சோப்பு நுரையோட நான். கூத்து நடக்குன்னு அப்பாவுக்குத் தெரியும், நான் கிடக்கேன்னு தெரியாது, சொன்னா விடுவாரா? எறும்பு கடிச்சும் அசையல பாத்துக்கோ. வேலை முடிஞ்சு ஊருக்குப் போக ஜீப்புக்கு நின்ன கம்பத்துப் பொம்பளைங்க நெசம்னு நம்பி உப்புத்தண்ணி கரைச்சு வாயில ஊத்த வந்துட்டாங்க, நிமி ஓடிவந்து தடுத்தா.

அந்நேரம் அப்பா முதுகுல டேங்கோட வந்தாரு. நுரையைப் பார்த்ததும் டேங்கைப் போட்டுட்டு ஓடிவந்து என்னைத் தூக்கி மடியில போட்டு, என் சட்டையைத் துவைச்சுத் துவைச்சுத்தான இவளுக்கு இப்படி ஆச்சுன்னு ஸ்டாண்டே கேட்க அழுதாரு. கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷத்துல அவரு அழுது நான் பார்த்ததில்ல. உடனே எந்திரிச்சிருக்கலாம், இன்னும் கொஞ்சம் அழட்டும்னு கண்ணை மூடிக் கிடந்தேன். பாவம்தான், பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன், ஃபாதர் சிரிச்சுட்டு அம்பத்திமூணு மணியும் உருட்டி செபமாலை சொல்லச் சொன்னாரு.

அது நடிப்புன்னு தெரிஞ்ச கோவத்துல ரெண்டு நாள் நான் ஆக்குன சோத்தைத் தொடல, கப்பைக் கிழங்கை அவரே அவிச்சுத் தின்னாரு. மூணாம் நாள் மருந்தடிக்கிற ஆளுகளைக் கூட்டிட்டுப் போய் ஓடைக்கு எட்டத்துல குழி வெட்டினாரு, இப்ப எல்லாரும் டேங்க் கழுவுறது அங்கதான். சட்டையையும் அவரே துவைக்காரு, என்னைத் தொட விடமாட்டேங்காரு. அந்த நடுங்குற கையால பிழியுறதைப் பார்க்க எனக்குத் தாங்கல மகளே. டெஸ்ட்டுக்குப் போவோம்னு அழுதே கேட்டுட்டேன், திரும்பவும் நடிக்கிறியான்னு சொல்றாரு. இனி நான் அழுதா அவரு நம்பமாட்டாரு.

மாதா உன் தலைமேல கை வச்சுக் காக்கட்டும். பூசையை விடாதே, ஏசியில போத்திக்கிட்டுப் படு. ஞாயித்துக்கிழமை கூப்பிடும்போது அவரு அழுததைப் பத்தி வாய் திறக்காதே. எப்ப டெஸ்ட்டுக்குப் போறீங்கன்னு மட்டும் கேளு, நாளைச் சொல்ற வரைக்கும் போனை வைக்காதே.

உன் அம்மா
செபமாலையம்மாள்