றோட்டில் காய்ந்த நெல்

என் மனைவிக்கு,

நேற்றுப் பூநகரிக் கோட்டை பார்க்க நான் கூட்டிப்போன ஆறு வெள்ளைக்காரரும், உன் அண்ணர் காயவிட்டிருந்த நெல்லுக்கு மேலால் சைக்கிளை விட்டுவிட்டார்கள். பிழை என்னுடையது. ஆவணியில் பாதை பார்த்து வைத்தவன், மாசியில் றோட்டில் நெல் காயும் என்பதை மறந்துபோனேன்.

பதினொரு வருடம் எங்களோடு கதைக்காத மனிதர் விளக்குமாறோடு ஓடி வந்தார்.

“வீட்டுக்கு வர வழி தெரியாது, நெல்லுக்கு மேல வர மட்டும் தெரியுதோ மச்சான்?”

நான் விளக்குமாற்றை வாங்கிச் சிதறின நெல்லைக் கூட்டினேன். வெள்ளைக்காரரும் குந்தியிருந்து கையால் அள்ளினார்கள். அதைப் பார்த்து அண்ணருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய கதையை இருவரும் எடுக்கவில்லை.

இனி ஆட்களைக் கூட்டிப்போகும்போது, அறுவடை முடியும்வரை அந்த இடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோம். வாற ஆட்களுக்கு மத்தியானச் சோறு அண்ணர் வீட்டில். காசு வேண்டாமாம், மகள் வீட்டிலிருந்து திரும்பியதும் நீ அங்கே வரவேண்டுமாம். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்