பூட்டைத் தூக்கிய மஞ்சள் கிரேன்

அண்ணி,

நேற்றுக் காலையில் அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தார். "அவளுது. நீயே வச்சிக்கோ. என்னால பாக்க முடியல" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நீங்கள் போய் இன்னும் முப்பது நாள் ஆகவில்லை.

திறந்ததும் பேட்டரி கசிந்து காய்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள் உதிரியாகக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. மஞ்சள் பொம்மைக் கிரேன் முழுசாக நின்றது. அதன் கொக்கியில் நம் வீட்டுப் பித்தளைப் பூட்டு தொங்கியது. நாற்பது வருஷமாக அதை நீங்கள் பிரிக்கவே இல்லையா? மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

அந்தப் பெட்டி முதலில் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு வெயில்காலம். சவூதியில் ரோடு போடும் வேலையிலிருந்து அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பிள்ளைக்கு வாங்கிய பொம்மைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். வாசலில் நின்று, "எங்க என் புள்ள?" என்று சிரித்தார். குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டதை எழுதியிருந்தோம். அந்தக் கடிதம் அவர் கைக்குக் கிடைக்கவே இல்லை. நீங்கள் உள்ளே இருந்து வந்து அவர் தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தீர்கள். அவ்வளவுதான். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் அது மூலையில் கிடந்தது. பதினோராம் நாள் நீங்கள் அதைப் பிரித்தீர்கள். கோத்துக் கட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள், பல் சக்கரங்கள், ஒரு சின்ன மோட்டார், மூன்று தடித்த பேட்டரி போடும் பெட்டி, எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நீங்கள் அந்தப் படங்களைப் பார்த்தே சாயங்காலத்துக்குள் ஒரு புல்டோசர் கட்டிவிட்டீர்கள். பொத்தானைத் தள்ளியதும் அது உறுமிக்கொண்டு என் காலைப் பார்த்து வந்தது. நான் அலறிக்கொண்டு உரல்மேல் ஏறியதும், குழந்தை போன பிறகு நீங்கள் முதன்முதலாகச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அதன்பின் புத்தகம் உங்களுக்குத் தேவைப்படவில்லை. புல்டோசரைப் பிரித்து மண் அள்ளும் வண்டி, அதைப் பிரித்துக் கிரேன். சக்கரம் வேகமாகச் சுற்றினால் பளு தூக்காது, மெதுவாகச் சுற்றினால் தூக்கும் என்பதை நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள். ஆசிரியப் பயிற்சி முடித்த எனக்கு அது தெரியாது.

மறு வருஷம் அண்ணன் சவூதிப் பணத்தில் கிணறு ஆழப்படுத்தும் கிரேன் வாங்கினார். கிணற்று விளிம்பில் நிற்கிற இரும்புச் சட்டம், டீசல் எஞ்சின், முன்னால் நீட்டிய ஒரு கை. கீழே ஆட்கள் பாறையை உடைத்துத் தொட்டியில் நிரப்புவார்கள். கை அதை மேலே தூக்கிப் பக்கவாட்டில் திரும்பிக் கொட்டும். சாயாமல் இருக்கப் பின்னால் கருங்கல் அடுக்கியிருக்கும். கீழே இறங்கும் நாலு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம், உங்களோடு அதே வீட்டில்தான் இருந்தோம்.

மேல்மலையனூர் ரோட்டில் மணிலாக்காய் விதைத்த ஒரு கொல்லையில் கிணற்று வேலை. கொட்டின கல் திரும்பவும் கிணற்றுக்குள் சரிகிறது என்று, அமாவாசை லீவு நாளில் அண்ணன் வெல்டிங் வைத்துக் கிரேன் கையை நாலடி நீட்டினார். நீங்கள் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் சட்டத்தின் காலையும் கையையும் சாண் போட்டு அளந்து வந்திருந்தீர்கள். மறுநாள் காலையில் உங்கள் கிரேனிலும் அதே கணக்குக்குக் கட்டைகளைச் சேர்த்தீர்கள். பூட்டைத் தொங்கவிட்டுப் பின்னால் கூழாங்கல் அடுக்கினீர்கள்.

"இங்க பாரு. நேரா தூக்கினா நிக்குது. பாதி திரும்பும்போது பாரு."

மோட்டார் ஓடியது. கை பாதி திரும்பியதும் கிரேன் பொத்தென்று சாய்ந்தது. மறுபடியும் செய்தீர்கள். மறுபடியும் சாய்ந்தது. மூன்றாம் முறையும்.

"கல்லு பின்னாடி இருக்குது. பக்கத்துல தாங்க ஒண்ணுமில்ல. கால் ஒடுக்கம். உங்கண்ணங்கிட்ட நேத்தே சொன்னேன், கேக்கல. கீழ ஆளுங்க இருக்கறாங்க."

பயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்குத் தெரியாததா, ஊர் சிரிக்குமே என்றெல்லாம் ஓடியது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "செத்த புள்ளைக்கு வாங்கின பொம்மைய வச்சி ஆடிக்கினு, ஆம்பளைங்க வேலையில இன்னாத்துக்கு அண்ணி நொழையறீங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பூட்டைக் கழற்றி, கிரேனைக் கூடையில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி நடந்தீர்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தேன்.

கொல்லையில் எஞ்சின் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தது. நாலு பேரும் கீழே இறங்கி, முதல் தொட்டியை நிரப்பிவிட்டிருந்தார்கள். நீங்கள் கிரேனை வரப்பில் வைத்துக் காட்டப் போனதும் எஞ்சின் ஓட்டுகிறவன் சிரித்தான். அண்ணன் முகம் சிவந்துபோனது.

"வூட்டுக்குப் போடி. மானத்த வாங்காத."

புடவையைச் சொருகிக்கொண்டு கிணற்றின் கல்படியில் இறங்கத் தொடங்கினீர்கள். அறுபதடி. அண்ணன் "ஏய், ஏய்" என்று கத்தினார். நான் விளிம்பில் மண்டியிட்டுக் கீழே பார்த்தேன். ஈரப் பாறைமேல் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மேலே அண்ணாந்து பார்த்துச் சொன்னீர்கள்: "இப்பத் தூக்கு. நானும் இருக்கறன்."

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அது தெளிவாகக் கேட்டது. அண்ணன் ஓட்டுகிறவனைக் கைகாட்டி நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டார்.

"இன்னாடி வேணும் உனக்கு?"

"எல்லாரும் மேல வர்றோம். ஒருவாட்டி ஆளில்லாம தூக்கிக் காட்டு. நின்னுச்சின்னா நான் இந்தப் பொம்மைய அடுப்புல போட்டுடறன்."

ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். என் வீட்டுக்காரர் நாலாவது. நீங்கள் கடைசி. அண்ணன் கோபத்தில் ஓட்டுகிறவனைத் தள்ளிவிட்டுத் தானே லீவரைப் பிடித்தார். தொட்டி ஆடாமல் மேலே வந்தது. ஒருத்தன் "பாத்தியா அண்ணி" என்றான். கை திரும்பியது. கால்வாசி. பாதி.

நான் நின்ற பக்கத்துக் கிரேன் கால் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். ஒரு சாண் இருக்கும். அண்ணன் பின்னால் குதித்தார். பிறகு சட்டம், எஞ்சின், கருங்கல் எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் போயின. கீழே மோதிய சத்தம் என் நெஞ்சில் இடித்தது. புழுதி எழுந்து எங்கள் வாயெல்லாம் மண். அது அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். சற்றுமுன் நீங்களும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்த பாறையே தெரியவில்லை. அதன்மேல் எஞ்சின் கிடந்தது.

என் வீட்டுக்காரர் வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தார். அண்ணன் மணிலாக்கொடிமேல் கால் நீட்டி உட்கார்ந்து, "இன்னா பண்ண இருந்தன், இன்னா பண்ண இருந்தன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தீர்கள். என்னிடம் சொம்பை நீட்டியபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் தரையில் உட்கார்ந்து, "அந்தப் பொம்மைய இன்னொருவாட்டி சாய்ச்சிக் காட்டு" என்றார். காட்டினீர்கள். "நிக்கறதுக்கு இன்னா பண்ணணும்?" இரண்டு நீளக் கட்டைகளை எடுத்துக் காலை இரண்டு பக்கமும் அகட்டி வைத்தீர்கள். பூட்டோடு முழுச் சுற்றும் சுற்றி வந்தது கிரேன். ஆறு மாதம் கழித்து, இரும்பைக் கிணற்றிலிருந்து எடுத்து அண்ணன் அதே மாதிரிக் காலை அகட்டி வெல்டிங் வைத்தார். அகலக்கால் கிரேன் என்று சுற்று ஊர்க்காரர்கள் வந்து பார்த்து அவரைப் புகழ்ந்தார்கள். "எம் பொண்டாட்டி சொன்னது" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

நான் சொன்ன வார்த்தையை நீங்கள் ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை. என் மூன்று பிள்ளைகளையும் மடியில் போட்டு வளர்த்தீர்கள். போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அன்னிக்குக் காலையில நான் ஒண்ணு சொன்னேனே" என்று ஆரம்பித்தேன். "இன்னா சொன்ன?" என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டீர்கள். நிஜமாகவே மறந்துவிட்டீர்களா, எனக்காக மறந்தீர்களா, இனி யாரிடம் கேட்பது?

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன், ஓர் எழுத்து மாற்றாமல். நாற்பது வருஷமாக அவருக்குத் தெரியாது. பிசைந்த சோற்றை விட்டு நிமிர்ந்தார்.

"அவங்ககிட்டயா அப்டிச் சொன்ன?"

எழுந்து கை கழுவிவிட்டுப் போனவர் இதுவரை என்னோடு பேசவில்லை. பக்கத்து அறையில் இருமுகிறார், செருப்பைத் தேடுகிறார், கதவைச் சாத்துகிறார். என்மேல் கோபப்பட்டுக்கொண்டு இந்த வீட்டில் நடமாட, அந்தக் கிணற்றிலிருந்து ஏற்றி எனக்கு ஒரு மனிதரை மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், அண்ணி.