நிலவறையில் தூங்கும் மாப்பிள்ளைக்கு

என் அருமை சிங்காரம்,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். செத்துப்போனவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேனா காய்ந்ததுதான் மிச்சம். கேட்டே விடுகிறேன் மாப்ளே. சௌக்கியமா?

உனக்கு இப்போது விலாசம் கிடையாது. தபால்காரர் தினமும் என் காபி கிளப்பில்தான் காபி குடிக்கிறார். அவரிடம் போய் இதற்கு வழி கேட்டால் மனுஷன் பயந்து வேறு கிளப்புக்குப் போய்விடுவார். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படித்துவிட்டுப் போகட்டும். பத்திரிகையில் உன் பெயர் வந்திருக்கிறது என்றால் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்துப் படிக்கிற ஆசாமிதானே நீ?

விஷயம் இதுதான். உன் படம் அரியலூருக்கு வந்துவிட்டது.

ஆமாம், அதே ‘நிலவறைச் சேனாபதி’. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் டூரிங் டாக்கீஸ் கொட்டாய் போட்டிருக்கிறார்கள். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போனான் ஒருவன். நானும் ஒன்று எடுத்தேன். கதாநாயகன் பெயர் பெரிசாக இருந்தது. கதாநாயகி பெயர் அதைவிடப் பெரிசு. கடைசியில், அழுகிற குழந்தைகளை வெளியே தூக்கிப்போக வேண்டும் என்ற வரிக்கு மேலே, பொடி எழுத்தில் உன் பெயர். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. இவன் என்னோடு படித்தவன், என் தங்கை தனத்தைக் கட்டியவன். கீழப்பழுவூர்க்காரன். நிலத்தையும் பயிரையும் பார்க்க வேண்டியவன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்குப் போய், ஒரே ஒரு படத்தில் இரத்தம் குடிக்கிற காட்டேரியாக நடித்தான். படம் வெளிவருவதற்குள் மெட்ராஸில் விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டான். தந்தி கிடைத்து நான் ரயில் பிடித்து எழும்பூரில் இறங்குவதற்குள் கம்பெனிக்காரர்களே எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். என் கையில் சாம்பலைத்தான் கொடுத்தார்கள்.

தனம் உன் முகத்தைப் பார்க்கவில்லை மாப்ளே. எங்கள் எல்லோருக்கும் உன் சாவு ஒரு துக்கம். அவளுக்கு அது நடந்ததா இல்லையா என்றே தெரியாத விஷயமாக இருந்தது. வாசலில் சத்தம் கேட்டால் இன்னமும் எட்டிப் பார்ப்பாள். எடுத்து வைத்துப் பார்க்க ஒரு போட்டோவாவது உண்டா? கல்யாணத்தில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று உன் பெரியப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார். போட்டோ பிடிக்காமலே குறைந்துவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்க எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்திருக்கிறது.

நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழப்பழுவூர் போனேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வீணாக யோசித்திருக்கிறேன். எனக்கு முன்னாலேயே நோட்டீஸ் வண்டி அங்கே போய் வந்துவிட்டது. தனம் உன் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தில் நிற்கிறாள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் நின்று காரியம் செய்கிற மனுஷன், முறை தெரிந்தவர். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியாததா?

“நல்ல நேரத்துல வந்த கோவிந்தசாமி. உந்தங்கச்சி டாக்கீஸுக்குப் போவணுமாம்! தாலி அறுத்து வருசம் திரும்பல. வெள்ளச் சீலையக் கட்டிக்கிட்டுப் போயி கொட்டாயில உக்காந்தா ஊரு காறித் துப்பாது?”

“துப்பட்டும் மாமா” என்றாள் தனம். குரலை உயர்த்தவே இல்லை. “தந்தி வந்தன்னிக்கி வாசல்ல ஒண்ணுமே இல்ல. அவரு வேட்டிய மடிச்சு மணையில வச்சு எல்லாரும் சுத்தி நின்னு அழுதாங்க. நானும் அழுதேன். எதப் பாத்து அழுதேன்னு எனக்கே தெரியல. ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டு வந்துடறேன்.”

“அது மொகமா? பல்லு வச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கிறானாம்!”

“எப்படி இருந்தாலும் அவரு மொகந்தானுங்களே.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு சொன்னார். “அப்ப கெளம்பு. ஆனா திரும்பி வந்து இந்த வூட்டுப் படி மிதிக்காத.”

அவர் சொன்னால் சொன்னதுதான். இவளையும் குழந்தையையும் நான் எங்கே வைத்துக்கொள்வது? கிளப்புக்குப் பின்னால் ஒற்றை அறையில் நான் என் குடும்பத்தோடு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். அது போகட்டும், உன் பெண்ணுக்கு உன் வீடு இல்லை என்று ஆகிவிடுமே! நான் தனத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் உள்ளே போனாள். குழந்தையின் சட்டை இரண்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிப் போய் நான் வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உன் பெண்டாட்டிக்கு இவ்வளவு அழுத்தம் எங்கேயிருந்து வந்தது? எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் இப்படி இல்லை.

கொட்டாயில் அன்றைக்கு நல்ல கூட்டம். அதில் பாதி கீழப்பழுவூர். வண்டி வண்டியாக வந்து இறங்கியிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் தனம் மணலில் உட்கார்ந்துகொண்டாள். ஆணும் பெண்ணும் பிரிக்கிற குட்டைச் சுவரை ஒட்டி இந்தப் பக்கம் நான். அவளைப் பார்த்து யாரும் துப்பவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அதை நான் பார்த்தேன்.

உன் படத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளாதே. சோழராஜா காலத்துச் சேனாபதிமேல் பொய்ப்பழி போட்டு உயிரோடு நிலவறையில் வைத்துக் கல்லை மூடிவிடுகிறார்கள். அவன் சாகாமல், இரத்தம் குடிக்கிற ஜன்மமாகக் காத்துக் கிடக்கிறான். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மெட்ராஸ் காலேஜ் மாணவர்கள் கல்வெட்டுப் படிக்க வருகிறார்கள். கோட்டு, கிராப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கிறது. கல்வெட்டை மட்டும் யாரும் படிக்கிற வழியாகக் காணோம். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பாட்டுப் பாடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் செத்தவன் எழுந்திருக்காமல் என்ன செய்வான்?

நீ எழுந்தாய். கல் நகர்ந்தது, கை தெரிந்தது, பிறகு நீ.

அரியலூர்க்காரர்கள் அலறினார்கள். பெண்கள் பக்கம் குழந்தைகள் வீறிட்டன. நம் ஊர்க்காரர்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “டேய், நம்ம சிங்காரம்டா!” என்று ஒரே விசில். “எளைச்சுப் போயிட்டானேப்பா” என்று ஒருத்தர் வருத்தப்பட்டார். நீ உதட்டைப் பிரித்துக் கோரைப்பல்லைக் காட்டியபோது உன் பெண் கைகொட்டிச் சிரித்தாள். சத்தியமாக. கொட்டாயில் சிரித்த குழந்தை அது ஒன்றுதான்.

உன் வாயோரம் இரத்தம் வழிந்தபோது எனக்கு வேறு ஞாபகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தக் காட்சியைப் பிடித்த அன்று நானும் இருந்தேனே! இரத்தம் என்று வெல்லப்பாகைப் பூசிவிட்டு, நீ கட்டெறும்பைத் தட்டிவிட முடியாமல் தவித்தாய். அன்றே விளக்குத் தூக்குகிறவன் காலில் ஆணி குத்தி நிஜ இரத்தம் வந்தது. பயங்கரக் காட்டேரி அதைப் பார்த்துவிட்டு மயங்கி என்மேல் விழுந்தது. அதை நினைத்துச் சிரிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் உன் குரல் வந்தது. என்ன வசனம் என்று காதில் விழவில்லை. குரல்தான் விழுந்தது. அழுதுவிட்டேன் மாப்ளே. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்புறம் நீ கைக்கடிகாரம் கட்டிய ஒரு மாணவியின் கழுத்தில் வாயை வைத்தாய். இந்தக் கொட்டாயில் ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு பாகத்துக்கும் இடைவேளை விடுகிறார்கள். விளக்குப் போட்டதும் தனம் சுவர்ப்பக்கம் நகர்ந்து வந்தாள்.

“யாருண்ணே அவ?”

“யாரோ மெட்ராஸ்காரி. நடிப்பும்மா.”

“நடிப்புன்னா அவ்வளவு நேரமா?”

நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நீ உயிரோடு இருந்து வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கு உனக்குச் சோறு கிடைத்திருக்காது.

அடுத்த பாகத்தின் முடிவில் மாணவர்கள் பகல் வேளையில் நிலவறையைக் கண்டுபிடிக்கிறார்கள். கல்லைத் தள்ளுகிறார்கள். உள்ளே நீ தூங்குகிறாய். பல் இல்லை, இரத்தம் இல்லை. கண் மூடியிருக்கிறது, நெற்றியில் முடி விழுந்திருக்கிறது. உன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து திரை முழுக்க நின்றது. அந்த இடத்தில் வாத்தியம்கூட வைக்கவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

ஆண்கள் பக்கம் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“மொகம் பாக்குறவங்கல்லாம் வந்து பாத்துக்குங்கப்பா...”

திரும்பிப் பார்த்தேன். உன் பெரியப்பா! தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, தோள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். ஊரில் பாடை தூக்குவதற்கு முன் அவர் கொடுக்கிற அதே குரல். எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார், பாவி மனுஷன். நினைத்துச் சொன்னாரா, முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா? அதை இன்னும் நான் கேட்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் திரை வரைக்கும் நடந்து போய், அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். உன் முகத்து வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. குழந்தையின் கையைப் பிடித்து உன் கன்னத்தில் வைத்துவிட்டு, தன் கையையும் வைத்தாள். திரை லேசாக ஆடியது. பிறகு பாகம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டான். வெறும் துணி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“பாத்துட்டேண்ணே. வா, போலாம்.”

“இன்னும் ஒரு பாகம் இருக்கும்மா.”

“அதுல என்ன வருது?”

அந்த மாணவர்கள் கையில் கூர் சீவிய மூங்கிலோடு நின்றதை அவளும்தான் பார்த்திருந்தாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே நடந்தாள். அவள் பின்னால் பெரியப்பா. அவர் பின்னால் கீழப்பழுவூர் மொத்தமும் எழுந்தது. கொட்டாய்க்காரன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். “ஐயா, முக்கியமான கட்டமே இனிமேத்தாங்க வருது!” “அத நீயே பாத்துக்க” என்றார் நம் ஊர்க்காரர் ஒருத்தர்.

வண்டிகளை அவிழ்த்துவிட்ட இடத்துக்கு நடக்கும்போது உள்ளே படம் தொடங்கிவிட்டது. மாடுகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம், ஒலிபெருக்கியில் நீ அலறினாய். பெரிய அலறல். கொட்டாயில் மிச்சம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். தனம் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“அது யாரோ சினிமாக்காரன் சாவறாண்ணே. அவரு தூங்கறாரு.”

என் வண்டிப் பக்கம் நடந்தவளைப் பெரியப்பா மறித்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் வண்டியில் வைத்தார். “ஏறு தாயி. வூட்டுக்குப் போவலாம்” என்றார். அவள் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாசலை எட்டிப் பார்ப்பதில்லையாம். இராத்திரி தூங்குகிறாளாம். போன வாரம் போயிருந்தேன், நாற்று நடவுக்கு ஆள் விடுவதைப் பற்றிப் பெரியப்பாவிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். அவர்தான் தோற்றார். மற்றபடி இங்கே ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை. சுதந்திரம் வந்தும் சர்க்கரை கிடைப்பதில்லை, வெல்லம் போட்டுத்தான் காபி கொடுக்கிறேன். நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போய் உன் நிலவறையைத் தேடுகிறார்களாம். அப்படி ஒரு சேனாபதியே கிடையாதடா என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொள்கிறார். யார் கேட்கிறார்கள்?

கொட்டாயைப் பிரித்துவிட்டார்கள். அடுத்தது ஜெயங்கொண்டம், அதற்கப்புறம் பெரம்பலூர் என்று சொன்னார்கள். தனம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டிக்கு நல்ல மாடாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.

எனவே, மாப்ளே, இது என் வாக்கு. வண்டி போகிற தூரத்தில் உன் படம் எங்கே ஓடினாலும் உன் பெண்டாட்டியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவேன். நீ எழுந்திருக்கும்போது இருப்போம். நீ தூங்குகிற வரைக்கும் கூடவே இருப்போம். கடைசிப் பாகத்துக்கு மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவோம். எங்கள் கண் முன்னால் உன்னை யாரும் கொல்ல முடியாது.

உன் தனத்துக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கோவிந்தசாமி
காபி கிளப், அரியலூர்