சிவப்பு நூல் குறித்து என்மீது நானே தரும் புகார்

அனுப்புநர்:
ஆபரேட்டர்,
ஆற்றங்கரைத் துணை மின்நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மின்கட்டமைப்புப் பாதுகாப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் நிலையத்தின் உபரி மின்மாற்றியை எடுத்துச் செல்லும் உத்தரவை நிறுத்தக் கோருதல், அதற்குக் காரணமான என் தவற்றைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எந்த நிலையம் பழுதானால் எத்தனை வீடுகள் இருளும் என்று தங்கள் ஆய்வுக் குழு கணக்கிட்டது. நிலையங்களைப் புள்ளிகளாகவும் மின்தடங்களைக் கோடுகளாகவும் வரைந்து, ஒவ்வொரு புள்ளியாக அழித்துப் பார்க்கும் வலையமைப்பு முறை அது. அதில் குறை சொல்ல எனக்கு அறிவும் இல்லை, ஆசையும் இல்லை. எங்கள் புள்ளியை அழித்தால் ஒரு வீடும் இருளாது என்று விடை வந்ததால், எங்கள் உபரி மின்மாற்றியை வரும் வியாழக்கிழமை வேறு நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல உத்தரவாகியுள்ளது.

2. கணக்கு சரி, ஐயா. படம்தான் தவறு. படம் என்னுடையது.

3. எங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில், குண்டூசிகளுக்கு இடையே நூல் கட்டிய வரைபடம் உண்டு. ஓடும் தடத்துக்குக் கறுப்பு நூல், வரப்போகும் தடத்துக்குச் சிவப்பு நூல் என்பது வழக்கம். பதினோரு ஆண்டுகளுக்கு முன், வடக்கு நிலையத்திலிருந்து எங்களைத் தொடாமல் அக்கரைக்கு ஒரு தடம் போட அளவுக்கல் நட்டார்கள். அன்றே ஆசையாகச் சிவப்பு நூலைக் கட்டினேன். மின்கோபுரம் வரவே இல்லை. நூலை அவிழ்க்க எனக்கு மனமும் வரவில்லை.

4. குழுவினர் அந்தப் படத்தைப் பிரதி எடுத்தபோது எல்லா நூலும் கறுப்பாகி, வராத தடமும் ஓடும் தடமாகிவிட்டது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். பெரிய அதிகாரிகள் என் சுவரைப் பாராட்டிய மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல், பார்க்காமலே போட்டுவிட்டேன். உத்தரவோடு வந்த படத்தைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

5. உண்மையில் அக்கரைக்கு எங்கள் நிலையம் ஒன்றே வழி. நாலாயிரம் வீடுகளும் ஒரு மருத்துவமனையும் அதை நம்பி இருக்கின்றன. ஓடுகிற மின்மாற்றிக்கு முப்பத்திரண்டு வயது. சென்ற கோடையில் இருமுறை எண்ணெய் கசிந்து நின்றது. இருமுறையும் உபரிதான் கைகொடுத்தது.

6. சொந்த விஷயத்தை மனுவில் எழுதக்கூடாது என்று அறிவேன், மன்னிக்கவும். அக்கரையில் என் அக்கா சுவாசக் கருவியோடு வாழ்கிறார். அதன் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். உபரி இல்லாமல் பழுது பார்க்க எங்களுக்கு இரண்டு நாளாகும். நடந்ததைச் சொன்னபோது, "உன் நூலை நம்பியாடா நான் மூச்சு விடணும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது.

7. ஆகவே, அந்த ஒரு கோட்டை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கவும், அதுவரை வியாழக்கிழமை லாரியை நிறுத்தி வைக்கவும் பணிந்து வேண்டுகிறேன். என் கையெழுத்துக்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன். முதலில் லாரியை நிறுத்துங்கள், ஐயா.

நாள்: திங்கட்கிழமை காலை
இடம்: கட்டுப்பாட்டு அறை

இம்முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
ஆபரேட்டர்

இணைப்பு: சிவப்பு நூல் ஒன்று. இன்று காலை நானே அவிழ்த்தது.