மழையின் பயன்கள்

தாம்பரம்,
12.11.1991

அன்புள்ள அப்பாவுக்கு, கமலி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாளா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

பள்ளியில் ஒரு சின்ன விஷயம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புக்கு 'மழையின் பயன்கள்' என்று கட்டுரை கொடுத்தேன். எல்லோரும் நோட்ஸில் இருக்கும் ஐந்து பாயிண்டை அப்படியே எழுதினார்கள். அனகாபுத்தூர் நெசவாளி மகள் தனம் மட்டும், "மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும். அப்பா நெய்ய முடியாது. அன்று எங்களோடு தாயம் ஆடுவார். இதுவே மழையின் பயன்" என்று எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, பாயிண்ட் எங்க? பரீட்சையில இதுக்கு எவன் மார்க் போடுவான்? அடிச்சிட்டு சைபர் போடுங்க. இல்லாட்டி நாளைக்கு வராதீங்க."

அந்தப் பத்தை அடித்துவிட்டுச் சைபர் போட்டேன் அப்பா. வேலை வேண்டுமே. தனம் நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தாயம் ஆடினது தப்பா மிஸ்?" என்று கேட்டாள். மறுநாள் ஐந்து பாயிண்டும் எழுதி வந்தாள். ஒரு பிழைகூட இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன். குழந்தைகளின் வாயை அடைக்கும் இடத்துக்குப் பள்ளி என்று பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு அடைப்பவள் நான்.

விடுதியில் குளிர்கிறது, பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். பருப்புப்பொடியும். கார்டில் 'இங்கு அனைவரும் நலம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அதுவும் நோட்ஸ் மாதிரிதான் இருக்கிறது. மழை நாளில் நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

கமலி