அன்பெண்ட் என்ற சொல்லுக்கு நீ எடுத்த நான்கு மாதம்

இன்று காலை பூஞ்சணம் பிடித்த ஆங்கில அகராதியை வெயிலில் வைக்க எடுத்தபோது, உன் மருமகனின் கடிதம் அதற்குள்ளிருந்து விழுந்தது. கண்டதும் எனக்குத் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கனடாவில் உன் மகள் உன்னைக் கேட்காமல் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டினாள். மூன்று வருடம் நீ அவளோடு கதைக்கவில்லை. கடைசியில் அவனே எழுதினான்: பிள்ளையோடு உங்கள் ஊர் இணுவிலுக்கு வர விரும்புகிறோம், நீங்கள் கொஞ்சம் ‘அன்பெண்ட்’ ஆகவேண்டும் என்று. நான் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாய். நானும் யோசிக்காமல், “வளைஞ்சது நிமிருறது” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப நான் கோணல் எண்டு சொல்லுறானோ?” என்று எழும்பிப் போய்விட்டாய்.

பிறகு அகராதியைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. விறைப்பாக இருக்கும் மனிதன் இளகுவதற்கும் அதே சொல்தான். வில்லிலிருந்து வந்ததாம். நாண் பூட்டியிருக்கும்வரை வில் வளைந்து இறுகி நிற்கும். நாணைக் கழற்றினால் நிமிரும். அதுதான் வில்லுக்கு ஓய்வும். அன்றே மத்தியான வெயிலில் சைக்கிள் உழக்கி வந்து இதைச் சொன்னேன். நீ வாய்க்காலைத் திருப்பி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாய். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“காலமை நிமிருறது எண்டாய், இப்ப இளகுறது எண்டுறாய். எது பொய்?”

“ரெண்டும் உண்மையடாப்பா.”

“ரெண்டும் உண்மையெண்டால் அது ஒரு பாஷையோ?”

நான்கு மாதம் இதே கேள்வி. கோயில் வீதியில், சந்தையில், சவரக் கடையில்கூட முகத்தில் சோப்போடு கேட்டாய். உன்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போவோமா என்று நினைத்ததும் உண்டு. பிறகு ஒருநாள் நீயாகவே வந்தாய்.

“வரச்சொல்லி எழுது. ஆனா நான் அன்பெண்ட் ஆகேல்லை எண்டும் எழுது.”

எழுதி அனுப்பினேன். அவர்கள் டிக்கெட் எடுத்தார்கள். வந்து இறங்க ஒன்பது நாள் இருக்க, நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். ஒரு மாதம் முந்தி மனம் வைத்திருந்தால் பேரனைத் தூக்கியிருப்பாயே. உன்னை என்ன சொல்லி ஏசுவது?

செய்தி கேட்டு அவர்கள் பயணத்தை முன்னுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். நீ போன எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மருமகன் என் கடிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடி வந்து, “மாமா எங்களை மன்னிச்சிட்டார்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். பக்கத்தில் உன் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்” என்றேன்.

“ஆனா” என்று தொடங்கி நீ சொன்ன இரண்டாவது வசனத்தை நான் எழுதவேயில்லை. இன்றுவரை ஒருவருக்கும் சொல்லாமல் அதை நான்தான் சுமந்து திரிகிறேன். “என்ரை கதையை மாத்த நீ ஆர்?” என்று சண்டைக்கு வரவேண்டிய நீயும் இல்லை.