எலிப்படையின் வைரப் படி

மாசான்
14 டிசம்பர் 2014

அன்புள்ள தேசோப் அண்ணனுக்கு,

உஜின் எழுதுவது. உங்கள் அம்மாவிடம் முகவரி வாங்கினேன். நீங்கள் கட்டாய ராணுவப் பணியில் சேர்ந்த அன்று மொட்டைத் தலையோடு எடுத்த போட்டோவையும் காட்டினார்கள். தலை இவ்வளவு சின்னதா அண்ணே? இத்தனை வருஷமும் முடியை வைத்தே எங்களை மிரட்டியிருக்கிறீர்கள்.

போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாமே. அதனால் கையால் எழுத வேண்டியிருக்கிறது. மவுஸ் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா சண்டித்தனம் செய்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் விளையாட்டில் நாம் கட்டிய எலிப்படை உயிரோடு இருக்கிறது. தலைவன் ஒரு மாதம் உள்ளே வராவிட்டால் படை தானாகக் கலைந்துவிடும் என்பதால், நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு உங்கள் கணக்கில் நுழைவேன், ஒரு சுற்று பார்ப்பேன், வெளியே வந்துவிடுவேன். எதையும் தொடுவதில்லை. ஆனால் துறைமுக வரைபடத்தில் ஆடும்போது நீங்கள் நிற்கும் கிரேன் மேல் யாருமே இல்லை. "நீங்க முன்னால பாருங்கடா, முதுகை நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் நாலு பேரும் பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தே சாகிறோம்.

நம் 'கடைசி அரண்' மூன்றாம் பாகம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது. போன வாரம் வந்த மாற்றத்தில் முயல் காது வைத்த ஹெல்மெட் விற்கிறார்கள். எதிரி சுவரை உடைத்துக்கொண்டு வருகிறான், பயந்து திரும்பினால் தலையில் இரண்டு ரோஸ் காது. சிரித்துக்கொண்டே செத்தேன். நாலாம் பாகம் வேறு வசந்தத்தில் வருகிறதாம். வாங்கவே கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். நான் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நாம் ஆடும் கணினிக் கடையின் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள் தம்பி,
உஜின்


சொர்வோன்
25 ஜனவரி 2015

அன்புள்ள உஜினுக்கு,

உன் கடிதத்தை ஆறு பேர் படித்தார்கள். இங்கே கடிதம் என்றால் பொதுச்சொத்து. முயல் காது விஷயத்துக்குப் பெரிய சிரிப்பு.

இங்கே பனி அள்ளுவதுதான் போர். அள்ளி முடித்துத் திரும்பினால் அள்ளின இடத்தில் பனி இருக்கும். படுத்ததும் நான் துறைமுக வரைபடத்தை மனசுக்குள் நடந்து பார்க்கிறேன். கோடவுன், படிக்கட்டு, கிரேன். அப்படியே தூங்கிவிடுவேன்.

ஒரு சிக்கல். என் படுக்கைக்கு மேல் அடுக்கில் படுப்பவர் பியோ. எங்கள் அறையில் அவர்தான் மூத்தவர். அவர் சொன்னால் உட்கார வேண்டும், சொன்னால் நிற்க வேண்டும். அவரும் 'கடைசி அரண்' ஆடுகிறவராம். தரவரிசையில் என் படி என்ன என்று கேட்டார். தங்கம், சீக்கிரம் வைரம் என்று சொல்லிவிட்டேன். இங்கே முகாமில் காசு போட்டுப் பார்க்கிற கணினி உண்டு. விளையாட முடியாது, ஆனால் அந்தத் தளத்தில் யார் எந்தப் படி என்று பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்து, "தங்கம்தான்டா. ஆனா இறங்கிட்டே இருக்கே" என்றார்.

ஆடாமல் கிடந்தால் படி இறங்கும் என்று உனக்குத் தெரியாதா? என் கணக்கிலேயே நீ ஆடு. வாரத்துக்கு நாலு ஆட்டம் போதும். இறங்காமல் பார்த்துக்கொள். இது தலைவன் உத்தரவு.

அன்புடன்,
தேசோப்


மாசான்
29 மார்ச் 2015

அன்புள்ள அண்ணனுக்கு,

உத்தரவு நிறைவேறியது. கொஞ்சம் அதிகமாகவே நிறைவேறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பெயரில் ஆடினால் என் கை வேறு மாதிரி ஆகிறது. என் பெயரில் நான் தோற்றால் எனக்கு வலிக்கும். உங்கள் பெயரில் தோற்றால் உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தில் ஒளிந்து, பொறுத்து, ஒரு குண்டு வீணாக்காமல் ஆடுகிறேன். நேற்று உங்கள் கணக்கு வைரப் படி ஏறிவிட்டது. என் கணக்கு இன்னும் வெள்ளியில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஆடிப் படி ஏற்றிக் கொடுத்தால் கணக்கை முடக்குகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்கிற கும்பலுக்காகப் போட்ட விதிதான், ஆனால் நம்மை மட்டும் விடுவார்களா? வேண்டுமென்றே நாலு ஆட்டம் தோற்றுத் திரும்பத் தங்கத்துக்கு இறக்கிவிடட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நாலாம் பாகம் வந்துவிட்டது. வாங்கிவிட்டேன். சிரிக்க வேண்டாம். சுவர் உடைவதில்லை. ஆளைச் சுட்டுவிட்டுப் பிணத்துக்குப் பக்கத்தில் டான்ஸ் ஆடலாம். அதற்குத் தனிக் காசு. நம் மற்ற மூன்று பேரும் இரண்டு நாள் ஆடிப் பார்த்து, காறித் துப்பிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். எலிப்படையில் இப்போது நான் ஒரே எலி. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் துப்பாக்கியில் குண்டு மாற்றும்போது வருகிற அந்தச் சத்தத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் பதின்மூன்று வயசில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஞாபகம் வந்துவிடுகிறது. திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப உள்ளே போகிறேன். விட்டுத் தொலைக்கவும் மாட்டேன் என்கிறது மனசு.

பதில் உடனே வேண்டும்.

உங்கள் தம்பி,
உஜின்


சொர்வோன்
12 ஏப்ரல் 2015

உஜின்,

தோற்காதே. இறக்காதே. உன் கடிதத்தை யார் கையிலும் சிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டேன். பியோ தளத்தில் பார்த்துவிட்டார். அறையில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இடம் விடுகிறார்கள். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வெளியே இருக்கிற உனக்கு இது புரியாது.

மே மாதம் விடுமுறை. பியோவுக்கும் அதே வாரம். அவர் பூசான்காரர். ஒரு நாள் மாசான் வந்து நான் ஆடுவதைப் பார்க்கப் போகிறாராம். அத்தை கடையில் நம் பழைய இடத்தைப் பிடித்து வை. நீயும் வா. நீ கணக்கைத் தொட்டதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

தேசோப்


மாசான்
27 மே 2015

தேசோப்,

நடந்ததை நீ முகாமில் எப்படிச் சொல்லியிருப்பாயோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன், நீ தனியாகப் படித்துப் பார்.

அத்தை கடையில் உனக்குப் பின்னால் பியோ ராம்யோன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு நின்றார். நீ வைரப் படிக்காரர்கள் நடுவே முதல் ஆட்டம் போட்டாய். அரை வருஷம் மவுஸைத் தொடாத கை. கிரேன் மேல் ஏறுவதற்குள் இரண்டு தடவை செத்தாய். பியோ கேட்க வேண்டும் என்று நீதான் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாய். உன் அணியில் இருந்த முகம் தெரியாத ஒருவன் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டான்: "நீ வைரமாடா? எவன்டா ஆடிக் குடுத்தது?" அந்த அணியின் மற்ற நாலு பேரும் அப்போதே உன்மேல் புகார் கொடுத்தார்கள்.

பியோ மெல்லுவதை நிறுத்திவிட்டு அமைதியாகத்தான் கேட்டார். "ஏன்டா தேசோப், இது உன் கைதானா?"

நீ எழுந்தாய். என் தலையில் ஒரு தட்டு தட்டினாய். தொப்பி கீழே விழுந்தது. "இந்த நாய்தான். என் கணக்கைத் திருடி, எனக்குத் தெரியாம ஆடியிருக்கான்."

என் வாயில் பதில் இருந்தது. உன் கையெழுத்தில் வந்த உத்தரவும் வீட்டில் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. அண்ணன் இன்னும் ஒன்றேகால் வருஷம் அந்த அறையில் கிடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குனிந்து தொப்பியை எடுத்தேன்.

மறுநாள் கணக்கு முடங்கியது. தலைவன் கணக்கு முடங்கினால் படை கலையும். எலிப்படை போய்விட்டது. அத்தை என்னை வாசலிலேயே நிறுத்தி, "அடுத்தவங்க கணக்குல கை வைக்கிறவன் என் கடைக்கு வேண்டாம்ப்பா" என்றார். எட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டவர். ரயில்நிலையம் பக்கத்துக் கடையில் போய் ஆடுகிறேன். அங்கே யாரையும் தெரியாது.

உன்னை 'நீ' என்று எழுதியிருக்கிறேன். ஆட்டத்துக்குள் அண்ணன் தம்பி கிடையாது, நேரம் வீணாகும், நீ என்றே கத்து என்று சொன்னவன் நீதான். முதுகைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனும் நீதான்.

உஜின்


சொர்வோன்
11 அக்டோபர் 2015

அன்புள்ள உஜினுக்கு,

கோடை முழுக்க எழுத நினைத்து எழுதவில்லை. அன்றைக்கு நான் செய்தது தப்புதான். ஆனால் நீ என் இடத்தில் இருந்து பார். பியோ முன்னால் புளுகன் என்று ஆகியிருந்தால் என்னால் இங்கே உயிர் வாழ முடியாது. உன்னை ஒரு வார்த்தை சொன்னால் நீ தாங்குவாய் என்று நினைத்தேன். சின்ன வயசு, ஒரு வாரத்தில் மறந்துவிடுவாய் என்றும் நினைத்தேன்.

மாசானில் இப்போது கடல் மீன் வறுவல் காலம். நினைத்தாலே நாக்கில் ஊறுகிறது. பதில் எழுது.

தேசோப்


சொர்வோன்
17 ஜூலை 2016

அன்புள்ள உஜினுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. சென்ற வாரம் விடுமுறையில் வந்தபோது உன் வீட்டு வாசல் வரை வந்தேன், மணியை அடிக்கத் தைரியம் இல்லை.

பியோ போன டிசம்பரிலேயே பணி முடிந்து கிளம்பினார். கிளம்புகிற அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான்தான் உன்னை ஆடச் சொன்னேன் என்று. அவர் சிரித்தார். "ரெண்டாவது தடவை நீ செத்தப்பவே தெரியும்டா. அந்தப் பையன் வாயைத் திறப்பானான்னுதான் பாத்துட்டு நின்னேன். உனக்கு அப்படி ஒருத்தன் இருந்தான், போக்கிட்டியே" என்றார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. திருடன் என்று நான் உன்னைச் சொன்னதை அவர் ஒரு நாள்கூட நம்பவில்லை. நம்பாதவருக்காக உன்னை விற்றிருக்கிறேன்.

கடைக்கார அத்தையிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

உனக்கு ராணுவ அழைப்பு வந்துவிட்டது என்று அம்மா சொன்னார். நான் செப்டம்பரில் வெளியே வருகிறேன். உன் கடவுச்சொல்லை எனக்குக் கொடு. நீ திரும்புகிற வரை உன் படி இறங்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வருஷம் ஐந்தாம் பாகம் வருகிறது, சுவர் மறுபடியும் உடையுமாம். எலிப்படையை முதலிலிருந்து கட்டுவோம். எனக்கு இந்த ஒரு வாய்ப்பைக் கொடுடா.

உன் அண்ணன்,
தேசோப்


மாசான்
9 செப்டம்பர் 2016

தேசோப் அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் நீங்கள் பணி முடித்துக் கிளம்புவதற்குள் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

அத்தை ஆள் அனுப்பினார். போனேன். ராம்யோனில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றி வைத்தார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நடக்க வைத்தவர் நீங்கள். அதற்கு நன்றி, மனசாரச் சொல்கிறேன்.

மூன்றாம் பாகத்தின் சர்வரைப் போன ஞாயிறு மத்தியானம் மூடினார்கள். அறிவிப்புகூட இரண்டே வரி. நான் கடைசியாக ஒரு முறை உள்ளே போனேன். துறைமுகத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் யாரையும் சுடவில்லை. முயல் காது வைத்த ஒருவன் என் முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்து வணக்கம் வைத்தான். அந்தக் காதை எத்தனை திட்டியிருப்பேன், அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நாசமாய்ப் போன விளையாட்டு, நாசமாய்ப் போகும்வரை என்னை விடவில்லை.

பிறகு கிரேன் மேல் ஏறினேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே ஏறியதே இல்லை, அது உங்கள் இடம். அங்கிருந்து பார்த்தால் கீழே நாங்கள் நிற்கும் இடம் எல்லாம் தெரிகிறது. எங்கள் முதுகு ஒவ்வொன்றும் நன்றாகத் தெரிந்திருக்கும். திரை கறுப்பாகும்வரை அங்கேயே நின்றேன்.

என் கடவுச்சொல்லைத் தர மாட்டேன். கோபம் இல்லை அண்ணே, அது போன வருஷமே தீர்ந்துவிட்டது. கோபம் இருந்தால் கொடுத்திருப்பேன், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று சோதிக்கவாவது. நான் இல்லாத நேரத்தில் நாலாம் பாகத்தில் என் படி இறங்கும். வெள்ளியிலிருந்து எங்கே போகிறதோ போகட்டும். என் கையால் ஏறியது, நான் ஆடாததால் விழுகிறது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் பாகம் நன்றாக வந்தால் நீங்கள் ஆடுங்கள். சுவர் உடைகிறதா என்று பாருங்கள். குளிர் தொடங்கும் முன் நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

திங்கட்கிழமை கிளம்புகிறேன். என் முகாமின் முகவரியை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உஜின்